பழைய ஷோகி செட்: தேடி வாங்கி, கெடுக்காமல் சீராக்குவது எப்படி?

மாதந்தோறும் 21ஆம் தேதி கியோட்டோவின் தோஜி கோயில் வளாகத்தில் பழம்பொருள் சந்தை கூடும். ஜப்பானுக்கு வேலைக்கு வந்த புதிதில் அங்கே ஒரு பெரியவரிடம் ஷோகி, அதாவது ஜப்பானியச் சதுரங்கக் காய்கள் வாங்கினேன். பிஸ்கட் டப்பா ஒன்றில் கருத்து, பிசுக்கேறிக் கிடந்தன. விலை மூவாயிரம் யென். வீட்டுக்கு வந்ததும் கை சும்மா இருக்குமா? வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பு கரைத்து ஊறப்போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, வடாம் காயப்போடுவதுபோல் பால்கனி வெயிலில் பரப்பினேன். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் பாதிக் காய்களில் எழுத்து ஓரம் ஓரமாக உரிந்திருந்தது. மரம் வெளுத்துச் சொரசொரப்பாகிவிட்டது. இரண்டு காய்கள் கோணிக்கொண்டு பலகையில் படியவே மாட்டேன் என்றன. முன்பின் தெரியாத யார் யாருடைய கையோ பட்டுப் பட்டு ஏறிய நிறத்தை ஒரே மதியத்தில் துடைத்தெறிந்திருந்தேன்.

அந்தச் செட் இன்னும் என்னிடம் இருக்கிறது. 'பழைய செட் ஒன்று கிடைத்தது, சுத்தம் பண்ணப் போகிறேன்' என்று யாராவது வந்தால் முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுவேன். இந்தப் பொழுதுபோக்கில் சீர்செய்யும் வேலையில் முக்கால்வாசி, எதில் கை வைக்கக்கூடாது என்று தெரிந்துகொள்வதுதான். அதுவும் ஒரே ஒரு விஷயத்தைப் பொறுத்தது: காயின் மேலுள்ள எழுத்து எப்படி அங்கே வந்தது? இதைக் கண்டுபிடிக்கத் தெரிந்துவிட்டால் வாங்குவது, துடைப்பது, பழுதுபார்ப்பது எல்லாம் தானாகப் பிடிபடும்.

காய்களை எண்ணப் பழகுங்கள்

ஷோகி நம் சதுரங்கத்தின் தூரத்துச் சொந்தம். பலகையில் 9-க்கு 9 கட்டம். ஆளுக்கு 20 காய், மொத்தம் 40. காய்க்கு ஜப்பானியத்தில் 'கோமா' என்று பெயர். (நான் வாங்கிய முதல் கோமாவை ஏறக்குறைய அந்த நிலைக்கே கொண்டுபோனேன் என்பது வேறு கதை.) ஒரு பக்கத்துக்கு ராஜா ஒன்று, 'பறக்கும் தேர்' ஒன்று, 'மூலை நடை' ஒன்று, தங்கம் இரண்டு, வெள்ளி இரண்டு, குதிரை இரண்டு, 'வாசனைத் தேர்' இரண்டு, சிப்பாய் ஒன்பது. பறக்கும் தேர் நாம் யானை என்று சொல்லும் காயைப் போல நேர்கோட்டில் ஓடும். மூலை நடை பிஷப்பைப் போலக் குறுக்கே போகும்.

ஒருகாலத்தில் ஷோகியிலும் யானை இருந்தது. நாரா நகரின் கோஃபுகுஜி கோயில் வளாகத்தில் 1993இல் 16 மரக் காய்கள் தோண்டியெடுக்கப்பட்டன. கூடவே கிடைத்த மரச்சீட்டில் இருந்த ஆண்டு 1058. ஜப்பானில் கிடைத்த ஷோகி காய்களில் மிகப் பழையவை அவை. பின்னர் அதே வளாகத்தில் 'போதை யானை' என்று எழுதிய காயும் கிடைத்தது. இன்றைய ஆட்டத்தில் அந்த யானைக்கு இடமில்லை.

எல்லாக் காயும் ஒரே நிறம். முன்னால் கூர்மையாகி, பின்னால் அகன்ற ஐங்கோண வடிவம். கூர்முனை யாரைப் பார்த்து நிற்கிறதோ அவருக்கு அது எதிரிக் காய். வெட்டிய காயை நம் காயாக்கி மறுபடி பலகையில் இறக்கலாம் என்பதால் கறுப்பு வெள்ளை என்று பிரிக்க முடியாது. சேகரிப்பவருக்கு இதில் ஒரு லாபமும் ஒரு நஷ்டமும் உண்டு. வேறு செட்டிலிருந்து வந்து கலந்த காயை நிறத்தில் சட்டென்று பிடித்துவிடலாம். ஆனால் காய் ஒன்று தொலைந்தால் அதே நிறத்துக்கு இன்னொன்று தேடுவது பெரும்பாடு.

எண்ணும்போது மூன்று விஷயம் பாருங்கள். ராஜாவுக்கும் தங்கத்துக்கும் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். மற்ற எல்லாக் காய்க்கும் பின்பக்கத்திலும் எழுத்து இருக்கவேண்டும், எதிரி எல்லைக்குள் போனால் திருப்பிப்போட்டுப் பதவி உயர்வு தரவேண்டுமே. இரண்டாவது, இரண்டு ராஜாக்களும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. ஒன்றில் மூன்று படுக்கைக் கோடும் நடுவே ஒரு நெட்டுக் கோடும் மட்டும். இன்னொன்றில் அதே எழுத்தோடு வலப்பக்கம் கீழே ஒரு சின்னப் புள்ளி. புள்ளியில்லாத ராஜா மூத்த ஆட்டக்காரருக்கு. சில பழைய செட்டுகளில் இரண்டு ராஜாவுக்கும் புள்ளி இருக்கும். அதைப் பார்த்து 'ராஜா மாறிப்போச்சு' என்று செட்டை ஒதுக்கிவிடாதீர்கள், அப்படியே செய்யும் வழக்கமும் உண்டு. மூன்றாவது, நல்ல செட்டுகளில் ஒன்றிரண்டு சிப்பாய் கூடுதலாக வரும். 'அமரிஃபு', அதாவது மிச்சச் சிப்பாய் என்பார்கள். 41 அல்லது 42 காய் இருந்தால் விற்பவர் எண்ணத் தெரியாதவர் என்று பொருளில்லை, செட் முழுமையாக இருக்கிறது என்று பொருள்.

பள்ளமா, சமமா, மேடா?

இனி எழுத்துக்கு வருவோம். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் எழுத்தை மெல்லத் தடவிப் பாருங்கள்.

விரல் பள்ளத்தில் இறங்கினால் அது ஹோரிகோமா, செதுக்குக் காய். மரத்தில் எழுத்தைச் செதுக்கி, பள்ளத்துக்குள் கறுப்பு அரக்கு பூசியிருப்பார்கள். 'உருஷி' என்ற மரத்தின் பால்தான் அந்த அரக்கு. இயந்திரம் செதுக்கியது என்றால் பள்ளத்தின் அகலமும் ஆழமும் ஒரே சீராக, உயிரில்லாமல் இருக்கும். கையால் செதுக்கியதில் கத்தி திரும்பிய இடம் தெரியும்.

விரலுக்கு எதுவுமே தட்டுப்படாமல் வழுக்கிக்கொண்டு போனால் இரண்டில் ஒன்று. மலிவு வகையில் முத்திரை குத்திய காய். உயர்ந்த வகையில் ஹோரியுமே: செதுக்கிய பள்ளத்தை அரக்கால் பல தடவை நிரப்பி, காயவிட்டு, மரத்தின் மட்டத்துக்குத் தேய்த்து இழைத்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். முத்திரைக் காயில் மை மரத்தின் நாரோடு கசிந்திருக்கும். ஹோரியுமேயில் எழுத்தின் ஓரம் கத்தி வைத்து வெட்டியதுபோல் துல்லியமாக நிற்கும்.

எழுத்து விரலில் மேடாகத் தட்டுப்பட்டால் மறுபடியும் இரண்டு வாய்ப்பு. செதுக்காமல் மரத்தின் மேலேயே தூரிகையால் அரக்கைத் தொட்டு எழுதியது ககிகோமா. கிறுக்கெழுத்துப்போல வேகமாக ஓடும் வரிகள், சாதாரண மரம் என்றால் பெரும்பாலும் இதுதான். இன்னொன்று மோரியாகே. ஹோரியுமே அளவுக்கு எல்லா வேலையும் முடித்த பிறகு, அந்த எழுத்தின் மேலேயே நுண்ணிய தூரிகையால் அரக்கை ஏற்றி மேடாக்கியது. தொழில்முறைப் பட்டப் போட்டிகளில் ஆடுவது இந்த வகைக் காய்களில்தான். விலை லட்சக்கணக்கான யென்னில் போகும்.

புதியவர்களுக்கு என் யோசனை: முதல் மூன்று செட்டும் ஹோரிகோமாவாகவே வாங்குங்கள். எழுத்து பள்ளத்துக்குள் பத்திரமாக இருப்பதால் நாம் செய்யும் தப்பைத் தாங்கும். மோரியாகேயில் அரக்கு ஒரு பொடி உதிர்ந்தாலும் வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது. ககிகோமா கைக்கு அடக்கமான விலையில் நிறையக் கிடைக்கும், அழகும் தனி. ஆனால் என் பால்கனியில் வடாமாகக் காய்ந்தது அந்த வகைதான்.

அந்த மலிவான ககிகோமாவுக்கும் ஒரு வரலாறு உண்டு. வடகிழக்கே யாமகாட்டா மாநிலத்தில் தெண்டோ என்று ஒரு சிறுநகரம். ஜப்பானின் ஷோகி காய்களில் பெரும்பகுதி அங்கேதான் உருவாகிறது. எடோ காலத்தின் (1603–1868) கடைசியில், கஜானா காலியாகிப்போன தெண்டோ சமஸ்தானத்தின் சாமுராய்கள் வயிற்றுப்பாட்டுக்கு எடுத்த பக்கத்தொழில் இது. யோஷிடா டைஹாச்சி என்ற மூத்த அதிகாரி, 'ஷோகி போர்த் தந்திரத்தைப் போன்றது, காய் செய்வதால் சாமுராய்க்கு மானம் போகாது' என்று ஊக்கப்படுத்தினாராம். அவர்கள் வாள் பிடித்த கையால் எழுதிப் பழகிய தூரிகை வரிதான் ககிகோமாவின் பரம்பரை. 1996இல் தெண்டோ காய்களை ஜப்பான் அரசு மரபுக் கைவினையாக அறிவித்தது. ரயில் நிலையத்திலேயே சிறிய ஷோகி அருங்காட்சியகம் இருக்கிறது. வாங்கத் தொடங்கும் முன் ஒருமுறை அங்கே போய்வந்தால், ஒரே கூரையின் கீழ் எல்லா வகைக் காயையும் பார்த்துவிடலாம். ஏப்ரலில் போனால் செர்ரிப் பூக்களுக்கு நடுவே, கவசம் அணிந்த மனிதர்களையே காய்களாக நிறுத்தி ஆடும் 'மனித ஷோகி' விழாவும் கிடைக்கும்.

மரம்

காய்க்கு உயர்ந்த மரம் 'ட்சுகே'. ஜப்பானியர் மரச்சீப்புக்கும் பெயர் முத்திரைக்கும் பயன்படுத்துவதும் இதையே. இழை நெருக்கமாக, தந்தத்தைப் போல வழவழவென்று இருக்கும். டோக்கியோவுக்குத் தெற்கே கடலில் இருக்கும் மிகுரா தீவின் ட்சுகேவுக்குத்தான் முதல் மரியாதை. அடுத்து ககோஷிமாவின் 'சட்சுமா ட்சுகே'. விளம்பரத்தில் 'ஷாமு ட்சுகே' என்று கண்டால் அது சயாம் பக்கத்து மரம், உண்மையான ட்சுகேவே இல்லை. மோசம் என்று சொல்லமாட்டேன், ஆனால் விலை பாதிக்கும் கீழே இருக்கவேண்டும். மேப்பிள், மக்னோலியா மரங்களில் செய்தவை எளிய வகை.

பழைய ட்சுகே காய் தேன் நிறத்தில் இருக்கும். 'ஆமே நிறம்' என்பார்கள், சர்க்கரைப் பாகு மிட்டாயின் நிறம். வருடக்கணக்காக ஆட ஆட ஏறுவது அது. சாயம் பூசியும் அந்த நிறத்தைக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. கண்டுபிடிக்க எளிய வழி, காயின் அடிப்பக்கத்தையும் ஓரத்தையும் ஒப்பிடுவது. கை அதிகம் படும் ஓரங்கள் கூடுதலாகக் கருத்து, மழுங்கிப் பளபளவென்று இருக்கவேண்டும். 40 காயிலும் எல்லாப் பக்கமும் ஒரே அளவுக்குப் 'பழமை' ஏறியிருந்தால் சந்தேகப்படுங்கள். ஆட்டத்தில் அதிகம் அடிபடுவது பறக்கும் தேரும் சிப்பாய்களும். ராஜா சுகவாசி.

ராஜாவின் காலடியைப் பாருங்கள்

நல்ல செட்டில் ராஜாக்களின் அடிப்பக்கத்தில் நுணுக்கி எழுதியிருக்கும். ஒரு ராஜாவின் அடியில் செய்தவர் பெயர், இன்னொன்றின் அடியில் எழுத்துப் பாணியின் பெயர். மினாசே, கின்கி, ர்யோகோ, கியோயாசு ஆகியவை அடிக்கடி காணும் பாணிகள்.

மினாசே என்பது 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மினாசே கனெனாரி என்ற அரசவைப் பிரபுவின் கையெழுத்து. வயதான காலத்தில் அவர் காய்களுக்கு எழுதிக்கொடுப்பதைக் கிட்டத்தட்ட ஒரு தொழிலாகவே செய்தார். 1590 முதல் 1602 வரை யாருக்கு எத்தனை செட் கொடுத்தோம் என்று அவர் வைத்திருந்த கணக்கேடு இன்றும் இருக்கிறது. மொத்தம் 735 செட். வாங்கியவர் பட்டியலில், பின்னாளில் ஜப்பானை ஆண்ட தொக்குகாவா இயெயாசுவும் இருக்கிறார். ர்யோகோ பாணி, எடோ காலக் கையெழுத்துக் கலைஞர் மாக்கி ர்யோகோவின் பெயரால் வழங்குவது. நான் படித்துத் தெரிந்துகொண்ட முதல் பாணி இதுதான், வரிகள் கொஞ்சம் சுழித்துக்கொண்டு நிற்கும்.

பாணியின் பெயர் மட்டும் இருந்து, செய்தவர் பெயர் இல்லாவிட்டால் குறையொன்றுமில்லை, சாதாரணப் பட்டறை வேலை. டொயோஷிமா ர்யூசான் போன்ற பெரிய பெயர் இருந்தால் உற்சாகப்படுவதற்கு முன் நிதானியுங்கள். பெரிய பெயரை எழுத யாருக்கும் ஒரு கத்தியும் ஐந்து நிமிடமும் போதும். முதல் வருடத்தில் பெயருக்காக எதையும் வாங்காதீர்கள். காய் நன்றாக இருந்தால் வாங்குங்கள், பெயரை இனாமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே தேடுவது, என்ன கேட்பது

நேரில் தேடுவதென்றால் தோஜி சந்தையோடு, அதே கியோட்டோவில் 25ஆம் தேதி கிட்டானோ தென்மாங்கு கோயிலில் கூடும் சந்தையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டோக்கியோவில் சர்வதேச மன்ற வளாகத்தின் ஓயெடோ சந்தை. இவற்றைவிட எனக்கு அதிகம் கைகொடுத்தவை ஊர்ப்புறத்துப் பழையபொருள் கடைகள். தாத்தா காலமானபின் வீட்டைக் காலி செய்தவர்கள் மொத்தமாகக் கொண்டுவந்து போடும் இடம் அது. பலகை ஒரு மூலையில், காய்கள் வேறு மூலையில் பொம்மைகளோடு கிடக்கும்.

இணையத்தில் யாஹூ ஏலத் தளமும், மெர்காரி என்ற பழையபொருள் விற்பனைத் தளமும். இந்தியாவிலிருந்து வாங்க, ஜப்பானில் பெற்று மறு அஞ்சலில் அனுப்பும் முகவர் சேவைகள் வேண்டும். முகவர் கட்டணம், இரண்டு தபால் செலவு, சுங்கவரி எல்லாம் சேர்ந்து காயின் விலையைத் தாண்டிவிடும் என்பதால் மலிவுச் செட்டை அப்படி வாங்குவது வீண். ஜப்பானுக்கு வந்துபோகும் நண்பரின் பெட்டியில் காய்கள் மட்டும் சுலபமாக வந்துவிடும், ஒரு டிபன் டப்பா அளவுதான். தந்தக் காய்கள் எப்போதாவது கண்ணில் படும். பக்கத்திலேயே போகாதீர்கள், எல்லை தாண்டினால் அது சட்டவிரோதம்.

விளம்பரத்தில் மூன்று சொற்களைத் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும். 'கெட்சுஹின்' என்றால் காய் குறைகிறது. 'கென்ஜோ' என்றால் உள்ளது உள்ளபடி. 'நோ க்ளெய்ம் நோ ரிட்டர்ன்' என்பது ஜப்பானிய உச்சரிப்பிலேயே எழுதியிருக்கும், அதற்கு விளக்கம் வேண்டாம். ஏலம் கேட்பதற்கு முன் விற்பவரிடம் கூடுதல் படம் கேளுங்கள்: எல்லாக் காயும் முன்பக்கம் தெரிய ஒன்று, பின்பக்கம் தெரிய ஒன்று, இரண்டு ராஜாவின் அடி, எல்லாச் சிப்பாய்களையும் வரிசையாக நிற்கவைத்து மேலிருந்து ஒன்று. கடைசிப் படத்தில்தான் மாற்றுக்காய் மாட்டும். அகலத்திலோ சரிவிலோ ஒரு சிப்பாய் மட்டும் வரிசையை விட்டுத் துருத்திக்கொண்டிருக்கும். முழு அளவுச் செட்டில் ராஜா ஏறத்தாழ 32 மி.மீ. உயரமும் சிப்பாய் 27 மி.மீ. உயரமும் இருக்கும். இதைவிடக் குறைவென்றால் சிறுவர் செட் அல்லது பயணச் செட்.

2023இல் ஷோகி வீரர் ஃபுஜீ சோட்டா எட்டுப் பட்டங்களையும் ஒரே சமயத்தில் கையில் வைத்திருந்தார். அந்த அலையில் ஷோகி மேல் ஆசை வந்தவர்கள் நிறைய. அவசரப்பட வேண்டாம். வீடுவீடாகச் செட் இருந்த நாடு இது, இந்த வாரம் தவறினால் அடுத்த வாரம் வேறொன்று வரும்.

பலகையைப் பற்றி

பலகைக்கு உயர்ந்த மரம் 'காயா'. நம் காயாம்பூவுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, இது ஊசியிலை மரம். மியாசாக்கிப் பக்கத்தில் விளையும் 'ஹ்யூகா காயா'வுக்குத் தனி மதிப்பு. மெல்ல வளரும் மரம். ஒரே துண்டில் கனத்த பலகை எடுக்க நூற்றுக்கணக்கான வயதுடைய மரம் வேண்டும், அறுத்தபின் பல வருடம் நிழலில் உலரவும் வேண்டும். காயை அடித்து வைத்தால் லேசாக அமுங்கி மீண்டும் எழும் தன்மை இதற்கு உண்டு. மஞ்சள் நிறமும் இனிப்பு கலந்த வாசமும் அடையாளம்.

இங்கேதான் நான் இரண்டாவது முறை ஏமாந்தேன். விற்றவரைக் குறை சொல்ல முடியாது, 'ஷின்காயா' என்று ஒழுங்காகவே எழுதியிருந்தார். 'ஷின்' என்பதற்கு 'புதிய' என்ற பொருள் மட்டுமல்லாமல், வேறு எழுத்தில் 'உண்மையான' என்ற பொருளும் உண்டு. நான் அதைப் பிடித்துக்கொண்டு 'அசல் காயா' என்று படித்துவிட்டேன். ஷின்காயா என்பது வணிகப் பெயர், மரம் ஸ்ப்ரூஸ் வகை. வெளிறிய நிறம், எடை குறைவு, வாசமே இருக்காது. ஆடுவதற்கு ஒன்றும் குறையில்லை, இப்போதும் அதில்தான் ஆடுகிறேன். 'கட்சுரா' மரம் நடுத்தர வகை, பழுப்பு நிறம், வளர்ச்சிக் கோடுகள் மங்கலாக இருக்கும்.

பலகையின் கனத்தை 'சுன்' கணக்கில் சொல்வார்கள். ஒரு சுன் 3.03 செ.மீ. கால் வைத்த பலகை ஐந்து சுன் கனம் என்றால் ஒன்பது பத்துக் கிலோ இருக்கும், விமானப் பெட்டியில் அதற்கு மட்டுமே இடம். புதியவருக்கு மேசையில் வைக்கும் ஒரு சுன் பலகை போதும். வாங்கும்போது பக்கவாட்டு வெட்டுமுகத்தைப் பாருங்கள். வளையங்கள் திடீரென்று திசை மாறினால் துண்டுகளை ஒட்டிய பலகை. வெட்டுமுகத்தில் தொடங்கி உள்ளே ஓடும் வெடிப்பு இருந்தால் விட்டுவிடுங்கள். கட்டங்கள் சதுரமாக இல்லையே என்று பயப்படாதீர்கள், நீளவாக்கில் சற்று நீண்டிருப்பதுதான் முறை.

கால்வைத்த பலகையைத் திருப்பினால் நடுவில் ஒரு பள்ளம் குடைந்திருக்கும். ஆட்டத்துக்கு நடுவே யோசனை சொல்கிற வேடிக்கைக்காரரின் தலையை வெட்டி வைக்கும் இடம் என்று ஒரு பயங்கரக் கதை சொல்வார்கள். கால்களின் வடிவம் 'குச்சினாஷி' என்ற செடியில் காய்க்கும் காயைப் போன்றது. அந்தச் சொல்லுக்கே 'வாயில்லை' என்றும் பொருள் வரும். திண்ணையில் ஆடுபுலி ஆட்டம் நடக்கையில் பின்னால் நின்று 'அதை நகர்த்து, இதை நகர்த்து' என்று உயிரை வாங்குபவர் எல்லா ஊரிலும் இருந்திருக்கிறார் போலும்.

பலகையைச் சீர்செய்ய வீட்டில் செய்யக்கூடியது மிகக் குறைவு. உலர்ந்த மெல்லிய துணியால் மர இழையின் திசையிலேயே துடையுங்கள். எண்ணெய் வேண்டவே வேண்டாம், கறையாகிவிடும். கோடு மங்கியிருந்தால் மங்கலாகவே இருக்கட்டும். கோடுகளை அரக்கு தோய்த்த வாள் விளிம்பால் பதிக்கும் மரபுக்கு 'டாச்சிமோரி' என்று பெயர். அதன் மேல் நாம் ஸ்கேல் வைத்துப் பேனாவால் இழுத்தால் அழித்தெடுக்க வழியில்லை. நல்ல காயா பலகை மிகவும் பாழாகியிருந்தால் பலகைத் தச்சர்கள் மேற்பரப்பைச் சில மி.மீ. இழைத்து, புதிதாகக் கோடு போட்டுக் கொடுப்பார்கள். பலகையின் விலைக்குக் கட்டுப்படியானால் மட்டும் யோசியுங்கள். கால்களைக் கழற்றும்போது எந்தக் கால் எந்தத் துளைக்கு என்று துண்டுக் காகிதத்தில் குறித்துவையுங்கள். கையால் பொருத்தியவை, மாற்றிச் செருகினால் ஆடும்.

வீட்டுக்கு வந்தபின்

முதல் ஒரு வாரம் எதுவும் செய்யாதீர்கள். காய்களைக் காகிதத்தில் பரப்பி, வெயிலும் ஏசிக் காற்றும் நேரடியாகப் படாத அலமாரியில் வையுங்கள். புது இடத்து ஈரப்பதத்துக்கு மரம் பழகட்டும். கூடவே ஒவ்வொரு காயையும் முன்னும் பின்னும் படமெடுத்துவிடுங்கள். பிறகு ஏதாவது தவறினால், முன்பு எப்படி இருந்தது என்று பார்க்க அதுதான் ஆதாரம்.

அதன்பின் உலர் துடைப்பு. பலமுறை துவைத்த மல் துணி அல்லது பழைய பனியன் துணி போதும். காயை உள்ளங்கையில் வைத்து, எழுத்தைத் தவிர்த்து முதலில் பக்கங்களையும் அடியையும் தேய்த்து, பிறகு எழுத்தின் மேல் அழுத்தாமல் ஓட்டுங்கள். பள்ள எழுத்தில் அடைந்த தூசுக்கு மென்மையான ஓவியத் தூரிகை. நாற்பது காய்க்கு ஒரு மாலைப்பொழுது ஆகும். பெரும்பாலான செட்டுகளுக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

பிசுக்கு போகவில்லையா? ஹோரிகோமாவாக இருந்தால் மட்டும், துணியை நனைத்து, இனிச் சொட்டாது என்னும்வரை இறுகப் பிழிந்து, ஒரு காயைத் துடைத்து அந்த நொடியே உலர்துணியால் ஒற்றுங்கள். முதலில் மிச்சச் சிப்பாயில் செய்துபாருங்கள், கூடுதல் காய்க்கு இப்படியும் ஒரு பயன். துணியில் கறுப்பு ஏறினால் உடனே நிறுத்துங்கள். எழுத்தில் இருப்பது உருஷி இல்லை, ஏதோ சாதாரண மை. ககிகோமாவுக்கும் மோரியாகேவுக்கும் இந்த ஈரத்துணி வேலையே கூடாது. உப்புத்தாளைப் பற்றி நினைக்கவும் நினைக்காதீர்கள்.

அடுத்தது எண்ணெய். ட்சுகே காய்க்கு மட்டும், அதுவும் வறண்டு வெளிறியிருந்தால் மட்டும். ஜப்பானில் சீப்புக்குத் தேய்க்கும் கமேலியா எண்ணெய்தான் வழக்கம், 'ட்சுபாக்கி' எண்ணெய் என்று மருந்துக் கடையிலேயே கிடைக்கும். துணியில் ஒரே ஒரு சொட்டு விட்டு, துணி முழுக்கப் பரவும்படி கசக்கி, அந்தத் துணியால் பத்துக் காயைத் துடைக்கவேண்டும். காய் ஈரமாகத் தெரிந்தால் எண்ணெய் அதிகம். மோரியாகேயில் எழுத்தின் அருகே எண்ணெய் போகவேண்டாம், மரத்துக்கும் அரக்குக்கும் நடுவே இறங்கினால் அரக்கு விட்டுக்கொடுத்துவிடும். நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் இரண்டும் வேண்டாம், நாளடைவில் சிக்கு வாடையும் பிசுபிசுப்பும்தான் மிஞ்சும். வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் எண்ணெய் கேட்கும் காயை நான் பார்த்ததில்லை. ஆடிக்கொண்டே இருந்தால் விரலின் எண்ணெயே போதும்.

எழுத்து உதிர்ந்திருந்தால், காய் தொலைந்திருந்தால்

மோரியாகே எழுத்து உதிர்ந்திருந்தால் காய் செய்பவரிடம் அனுப்புங்கள், அவ்வளவுதான். ஹோரிகோமாவின் பள்ளத்தில் அரக்கு பெயர்ந்திருந்தால் நீங்களே முயலலாம். கூர் தீட்டிய மூங்கில் குச்சியால் பள்ளத்தின் அழுக்கை எடுங்கள், ஊசி வேண்டாம், மரத்தைக் கீறும். பிறகு நுண் தூரிகையால் பள்ளத்துக்குள் மட்டும் கறுப்பை நிரப்புங்கள். விளிம்புவரை நிரப்பாமல் ஒரு மயிரிழை குறைவாக விடுங்கள். வெளியே வழிந்தால் காய்வதற்கு முன்பே துடைத்துவிடவேண்டும். காய்ந்தபின் தேய்க்கப் போனால் சுற்றியுள்ள தேன் நிறமும் சேர்ந்து போய்விடும்.

எந்தக் கறுப்பு என்பதில் கவனம் தேவை. உருஷிப் பால் பச்சையாகத் தோலில் பட்டால் அரிப்பும் கொப்புளமும் வரும். நம்மூர் சேராங்கொட்டையும் முந்திரியும் இதே குடும்பம்தான். சலவைக்காரர்கள் துணியில் குறிபோடப் பயன்படுத்திய சேராங்கொட்டைப் பால் பட்டுத் தோல் வெந்த கதையைக் கேட்டவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை. கையுறை கட்டாயம். பட்டுவிட்டால் முதலில் சமையல் எண்ணெயால் துடைத்து, பிறகு சோப்பு. இன்னொரு வினோதம், உருஷி வெயிலில் காயாது. 70 முதல் 80 சதவீத ஈரப்பதமும் 25 டிகிரியை ஒட்டிய சூடும் இருந்தால்தான் இறுகும். ஈரத்துணி விரித்த மூடிய பெட்டிக்குள் வைத்து இறுகவிடுவார்கள். சென்னை அக்டோபரில் பெட்டியே தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

புதியவருக்கு உருஷி வேண்டாம். முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயிலிருந்து ஜப்பானியர் உருவாக்கிய 'கஷ்யூ' பூச்சு கைவினைக் கடைகளில் கிடைக்கிறது. பண்ருட்டிக்காரர்களுக்குப் பெயரைக் கேட்டதும் புரிந்துவிடும். சாதாரணக் காற்றிலேயே காயும், நிறமும் கிட்டத்தட்ட அதேதான். விற்கும் எண்ணம் வந்தால் மட்டும் 'கஷ்யூவால் பழுதுபார்த்தது' என்று சொல்லிவிடுங்கள்.

காய் தொலைந்திருந்தால், சிப்பாய்க்கு மிச்சச் சிப்பாய் இருக்கிறது. மற்றவற்றுக்கு, வடிவாக அறுத்த வெற்றுக் காய்மரம் தனியாக விற்கிறார்கள், எழுத்து அச்சிட்ட மெல்லிய தாளும் கிடைக்கிறது. தாளை மரத்தில் ஒட்டி, அதன் மேலேயே சிறு கத்தியால் செதுக்கி, தாளை நீக்கி, கறுப்பை நிரப்புவது முறை. பீங்கான் கோப்பையின் விளிம்பில் காயை அழுத்தி உரசினால் மரத்துக்கு மெருகு வரும், தெண்டோக் கைவினைஞர்களும் கடைசியில் செய்வது அதுதான். என் முதல் செட்டில் தொலைந்த வெள்ளிக்கு இப்படிச் செய்து வைத்தது பக்கத்தில் நிற்கும்போது பல் கட்டியதுபோல் பளிச்சென்று தெரிகிறது. சாயம் பூசவில்லை. இருபது வருடம் ஆடினால் சேர்ந்துகொள்ளும்.

எடுத்துவைக்கும் முறை

காய்களைத் துணிப்பையில் போட்டு, பையைப் பௌலோனியா மரப்பெட்டியில் வைப்பது வழக்கம். இந்த மரப்பெட்டி ஈரத்தை உறிஞ்சியும் விட்டும் காய்களைச் சமநிலையில் வைக்கும். பெட்டி கிடைக்காவிட்டால் பருத்திப் பையும் மூடிய மரப்பெட்டியும் போதும். பிளாஸ்டிக் உறை வேண்டாம், மழைக்காலத்தில் உள்ளேயே பூஞ்சை பிடிக்கும். அந்துருண்டையும் வேண்டாம். மாதம் ஒருமுறையாவது எடுத்து ஆடுங்கள்.

ஆடி முடித்ததும் பெட்டியை மூடும் முன் பலகையில் எல்லாக் காயையும் தொடக்க வரிசையில் அடுக்கிப் பாருங்கள். எண்ணுவதைவிட இது வேகம், எந்தக் காய் இல்லை என்பது காலிக் கட்டமாகவே தெரிந்துவிடும். குறைகிறதென்றால் முதலில் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து மூலைத் தையலைத் தடவுங்கள். வாசனைத் தேர் ஒல்லியான காய், எனக்கு இரண்டு முறை அங்கேதான் அகப்பட்டது.